ஓடாத வண்டியை என்ன செய்வது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஏதாவது பயனுள்ளதா பேசுங்க சார்" என்று தலைவர் சொன்னார். வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், வைப்பு நிதி, உயில், வருமான வரி என்று ஏதாவது பேசுவேன் என நினைத்திருப்பார். நான் பேசப் போவது நம் கீழ்த்தளத்தில் உறை போட்டு நிற்கும் நான்கு கார்களைப் பற்றி. ஒரு அம்பாசிடர், இரண்டு பிரீமியர் பத்மினி, ஒரு மாருதி 800. யாருடையவை என்று சொல்லப் போவதில்லை. சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

அந்த நான்கு குடும்பங்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. "எடுத்துத் தூக்கிப் போடச் சொல்லுங்கள், இடமாவது மிஞ்சும்" என்று சிலர் சொல்கிறார்கள். "அப்பா வாங்கிய வண்டி, எப்படிப் போடுவது?" என்று நீங்கள் சொல்கிறீர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒன்று விடுபட்டுப் போகிறது. ஓடாத வண்டியை "அப்புறம் பார்க்கலாம்" என்று நிறுத்தி வைப்பதும் ஒரு முடிவுதான். எல்லா முடிவுகளையும்விட அதிகச் செலவு பிடிக்கும் முடிவு அதுதான். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், இந்த வண்டிகளின் மேல் ஏன் இவ்வளவு பாசம் என்று இளையவர்கள் கேட்கலாம். 1980-கள் வரை நம் நாட்டில் கார் என்றால் பெரும்பாலும் மூன்றே பெயர்கள்தான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் தயாரான பியட் எனப்படும் பத்மினி, நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணம் கட்டினால் உடனே கிடைக்காது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாகனக் கடன் லெட்ஜரில் நான் பெயர் எழுதிய வாடிக்கையாளர்களில் பலருக்கு அதுதான் வாழ்க்கையில் வாங்கிய ஒரே கார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பம் காரைப் பக்கத்தில் பார்த்தது. ஆகவே உங்கள் உறைக்குள் நிற்பது இரும்பு மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் வணிகவியல் படித்தவன். கணக்குப் பார்க்காமல் விட முடியாது. தேய்மானத்தில் குறைந்து செல் மதிப்பு முறை என்று ஒன்று உண்டு. ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கிய வண்டி 10 ஆண்டில் 19,687 ரூபாய் ஆகும். 20 ஆண்டில் 3,876 ரூபாய். 30 ஆண்டில் 763 ரூபாய். இந்த முறையில் ஒரு வேடிக்கை உண்டு. எத்தனை ஆண்டு ஆனாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடவே தொடாது. நம் மனசும் அப்படித்தான் கணக்கு எழுதுகிறது. "இன்னும் ஏதோ இருக்கு" என்று தோன்றிக்கொண்டே இருக்கும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கார் யானை இல்லை. நின்றபடியே அது தேய்கிறது.

எப்படித் தேய்கிறது என்று பாருங்கள். டேங்கில் இருக்கும் பெட்ரோல் சில மாதங்களில் கெட்டு, நாளடைவில் பிசின் மாதிரி ஆகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தில் வீல் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகிவிடும். கிளட்ச் பிளேட் பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகி வெடிப்பு விடும். எலி வயரிங்கைக் கடிக்கும். பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கிறோம். காற்றுப் போகாத உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். கடற்காற்று வீசும் ஊரில் அது துருவுக்குப் போர்வை போர்த்திவிட்ட மாதிரி. ஐந்து ஆண்டுக்கு முன் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும் வேலை, இன்று லட்சத்தில் போய் நிற்கும். தள்ளிப் போடுவதுதான் அதிகச் செலவு என்றேனே, காரணம் இதுதான்.

சரி, முடிவுக்கு வருவோம். உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஓட்டுவதற்காகப் புதுப்பிப்பது. ஓட்டாமல் பாதுகாத்து வைப்பது. வேறு கைக்கோ, உரிய முறையில் உடைப்புக்கோ விட்டுவிடுவது. எந்த வழி என்பதை வண்டியைப் பார்த்து முடிவு செய்யும் முன், வீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எல்லோரும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "ஓட வைக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும் என்றுதான் அவர் சொல்வார். பணம் இருந்தால் ஏறக்குறைய எந்த வண்டியையும் ஓட வைக்கலாம். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "ஓட வைத்த பிறகு யார் ஓட்டுவார்கள்?" என்பது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஏசி இருக்காது. கியர் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கலாம். பிரேக்கை முழுக் காலால் அழுத்த வேண்டும். வாரம் ஒருமுறையாவது எடுத்து எஞ்சின் நன்றாகச் சூடேறும் அளவு ஓட்டக்கூடிய ஒருவர் வீட்டில் இருக்கிறாரா? மகன் வெளிநாட்டில், மருமகளுக்கு ஆட்டோமேட்டிக்தான் வரும், உங்களுக்கு முழங்கால் வலி என்றால், புதுப்பித்த வண்டி அதே இடத்தில் அதே உறைக்குள் மறுபடி நிற்கும். இரண்டு மூன்று ஆண்டில் இதே பேச்சை மறுபடி பேச வேண்டியிருக்கும். ஓட்ட ஆள் இருக்கிறது என்றால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

அடுத்த கட்டம் துரு. எஞ்சினைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். அம்பாசிடர் எஞ்சினையும் பத்மினி எஞ்சினையும் பிரித்துப் போட்டுச் சேர்க்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பயப்பட வேண்டியது பாடியைப் பார்த்து. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனியாக சேசிஸ் கிடையாது. பாடியே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் படிப்பகுதி, தரைத்தகடு, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள் அரித்திருந்தால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. ஹெரால்டு அப்படி இல்லை. அதற்குத் தனி சேசிஸ். மேல்பாகத்தை போல்ட் கழற்றிப் பிரிக்கலாம். எந்த வண்டியானாலும் ஒரு நல்ல டிங்கரிங் ஆளை வரவழைத்து, மிதியடியைத் தூக்கி, ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தரைத்தகட்டைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே போகிறதா, போகவில்லையா? இந்த ஒரு சோதனை பாதி விடையைச் சொல்லிவிடும். பளபளப்பான பெயின்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். பட்டிக்கு மேலும் பெயின்ட் பளபளக்கும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். 2015-லும் 2023-லும் நம் ஊரில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று நினைவிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் புது பேட்டரி போட்டுச் சாவியைத் திருகிவிடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட்டர்.

மூன்றாவது, உதிரி பாகம். ஒரே அடிப்படை வடிவத்தில் ஐம்பது ஆண்டுக்கு மேல், 2014 மே வரை, அம்பாசிடர் தயாரானது. அதனால் அதற்கு ஓரளவு எளிதாகக் கிடைக்கும். புதுப்பேட்டையில் நடந்தால் பழையது கிடைக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். எஞ்சின் சாமானைவிட, கதவுப் பிடி, விளக்குக் கண்ணாடி, முன் கிரில், ரப்பர் பீடிங் போன்ற அலங்காரச் சாமான்கள்தான் அலைய வைக்கும். அதனால் உடைந்திருந்தாலும் பழைய பாகம் எதையும் எறியாதீர்கள். புதியது செய்ய அதுதான் மாதிரி.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், பம்ப் டயாப்ரம், கேஸ்கெட் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. புதுப்பிக்கும்போது எரிபொருள் போகும் வழி முழுவதும் எத்தனால் தாங்கும் பொருளுக்கு மாற்றச் சொல்லுங்கள். விட்டால் கசியும். பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது, காகிதம். வண்டியை காரேஜுக்கு அனுப்பிவிட்டு ஆர்.சி. தேடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, யார் பெயரில் இருக்கிறது? அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டார் என்றால், 30 நாளில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் படிவம் 31. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்கள் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மூன்று லட்சம் செலவு செய்து வண்டி பளபளவென்று வந்து நின்ற பிறகுதான், "அது எனக்கும் அப்பா வண்டிதானே" என்று தம்பிக்கு ஞாபகம் வரும்.

இரண்டு, கடைசிப் பக்கத்தில் வங்கியின் பெயர் இருக்கிறதா? கடன் அடைந்து முப்பது ஆண்டு ஆகியிருக்கும். ஆனால் அடமானக் குறிப்பை யாரும் நீக்கியிருக்க மாட்டார்கள். வங்கியில் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்க வேண்டும். அந்தக் கிளை இன்று வேறு வங்கியோடு இணைந்திருக்கலாம். அப்படியானால் இணைந்த வங்கியைக் கேளுங்கள். கொஞ்சம் நாள் பிடிக்கும், ஆனால் கிடைக்கும்.

மூன்று, எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா? இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள். பெயின்டர் தேய்க்கும் வேகத்தில் அந்த எண் அழிந்துவிட்டால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. முன்னால் அது அநாதை.

சட்டத்தில் இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பழைய கார் எல்லாம் "வின்டேஜ்" ஆகிவிடாது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். பாடி, சேசிஸ், எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு மட்டும்தான். வாரா வாரம் கோயிலுக்குப் போக ஆசை என்றால் இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை.

1985 பத்மினிக்கு 2035-ல்தான் அந்தத் தகுதி வரும். அதுவரை அது சாதாரணக் கார். 15 ஆண்டு முடிந்த பின் ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி, தாமதக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் தனி. இவற்றையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

பட்ஜெட் என்றேன். "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று ஒரே தொகை கேட்காதீர்கள். டிங்கரிங், பெயின்டிங், எஞ்சின், பிரேக், வயரிங், சீட் வேலை என்று தலைப்புவாரியாக எழுதி வாங்குங்கள். கிடைத்த மொத்தத்தோடு பாதியை எதிர்பாராச் செலவு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெயின்டைச் சுரண்டிய பிறகுதான் துருவின் முழு ஆழம் தெரியும். அந்தக் கூட்டுத் தொகையைத் திரும்ப வராத பணம் என்று நினைத்து உங்களால் செலவு செய்ய முடியுமா? முடியாது என்றால் தொடங்காதீர்கள். மருத்துவத்துக்கு வைத்திருக்கும் வைப்புத் தொகையை உடைத்துக் கார் செய்யாதீர்கள் என்று நம் வயதுக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்வேன்.

தொடங்கினால், வீடு கட்டக் கடன் கொடுக்கும்போது வங்கி என்ன செய்யும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, கூரை போட்டால் ஒரு தவணை. அதேபோல வேலை முடிந்த அளவுக்குப் பணம். முழுவதும் முன்பணமாகக் கொடுத்தால் உங்கள் வண்டி காரேஜின் மூலைக்குப் போய்விடும். கழற்றிய பாகங்களுக்கு ஸ்டாக் ரெஜிஸ்டர் மாதிரி ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் போட்டோ. மாதம் ஒருமுறையாவது நேரில் போய்ப் பாருங்கள். பாதியில் செலவு எகிறினால், "இவ்வளவு போட்டாச்சே" என்பதை வைத்து மேலும் போடாதீர்கள். போட்டது போட்டதுதான். இனி போடப் போகும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும் பாருங்கள்.

முழுவதும் புதுப்பிக்க முடியாதவர்களுக்கு இரண்டாவது வழி, பாதுகாத்து வைப்பது. சொந்த ஊரில் கூரையோடு இடம் இருந்தால் அங்கே கொண்டு போய், பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, துணி உறை போட்டு வைக்கலாம். துருவை நிறுத்தினாலே போதும். முடிவை நாளைக்குத் தள்ள வேண்டும் என்றால் இப்படித் தள்ளுங்கள், வண்டி கெடாமல்.

இந்தியாவின் முதல் மாருதி 800-ஐ 1983-ல் பிரதமர் இந்திரா காந்தி கையால் பெற்றவர் டெல்லியைச் சேர்ந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். 2010-ல் அவர் மறைந்த பிறகு அந்தக் கார் தெருவோரம் மக்கி நின்றது. பிறகு மாருதி நிறுவனமே அதைப் புதுப்பித்துத் தன் தலைமையகத்தில் வைத்தது. நம் வண்டிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது. ஆனால் ஓடினால்தான் மரியாதை என்று இல்லை என்பதற்கு அது சாட்சி. கோயம்புத்தூரில் ஜி.டி. கார் மியூசியத்துக்கோ, சென்னையில் ஏவி.எம். ஹெரிடேஜ் மியூசியத்துக்கோ ஒருமுறை பேரப்பிள்ளைகளோடு போய் வாருங்கள். நின்ற இடத்திலேயே ஒரு கார் எவ்வளவு பேசும் என்று தெரியும்.

மூன்றாவது வழி, விட்டுவிடுவது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பழைய கார் ஆர்வலர் ஒருவர் கைக்குப் போனால், உங்கள் வீட்டில் நிற்பதைவிட அங்கே அது நன்றாக வாழும். புதுப்பிக்கவே முடியாத வண்டியும் வேறொரு வண்டிக்குக் கதவும் கண்ணாடியும் கொடுக்கும். யாரிடம் கொடுத்தாலும் பெயர் மாற்றம் முடிந்த பிறகே சாவி. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே சட்டம் உரிமையாளராகப் பார்க்கும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்ற வண்டி நாளை விபத்தில் சிக்கினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

உடைப்புக்குப் போடுவதானாலும், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்குவது மாதிரி காயலான் கடைக்காரரிடம் தள்ளிவிடாதீர்கள். அரசு அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையங்கள் இருக்கின்றன. அங்கே "சர்டிபிகேட் ஆஃப் டெபாசிட்" தருவார்கள். வங்கிக்காரன் எனக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும், இதற்கு வட்டி கிடையாது. ஆனால் புது வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டண விலக்குக்கும் வரிச் சலுகைக்கும் அது வழி. சலுகையின் அளவை ஆர்.டி.ஓ.வில் கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு, பழைய பதிவை ரத்து செய்து கடிதம் வாங்கினால்தான் கணக்கு முடிந்தது. கொடுக்கும் முன் ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் சின்னத்தையோ, நம்பர் பிளேட்டின் போட்டோவையோ நினைவுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது ஹாலில் இடம் அடைக்காது.

கடைசியாக, சங்கத்துக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோட்டீஸ் ஒட்டுவது, அபராதம் போடுவது வேண்டாம். அக்கம்பக்கம் முகம் பார்த்து வாழ்கிறவர்கள் நாம். இரண்டு வேலையை மட்டும் எல்லோரும் இந்த மாதமே செய்யலாம். நிற்கும் வண்டிகளின் டேங்கிலிருந்து பெட்ரோலை மெக்கானிக் வைத்து வடித்துவிட வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். அடைத்த கீழ்த்தளத்தில் பழைய பெட்ரோலும் எலி கடித்த வயரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது அந்த நான்கு வீட்டுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. தலைக்கு மேலே எல்லோரும் தூங்குகிறோம்.

அதன் பிறகு ஆறு மாத அவகாசம். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளில் நான்கு பதில் எழுதுங்கள். யார் ஓட்டுவார்? தரைத்தகடு எப்படி இருக்கிறது? காகிதம் யார் பெயரில் இருக்கிறது? திரும்ப வராத பணம் எவ்வளவு ஒதுக்க முடியும்? நான்குக்கும் நல்ல பதில் இருந்தால் தயங்காமல் புதுப்பியுங்கள். அந்த அம்பாசிடர் நம் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் நாளில் முதலில் கை தட்டுபவன் நானாக இருப்பேன். ஒன்றுக்காவது பதில் இல்லை என்றால், நல்ல கையைத் தேடிக் கொடுத்துவிடுங்கள். அதுவும் அப்பாவுக்குச் செய்யும் மரியாதைதான்.

ஆர்.சி. மாற்றம், அடமான நீக்கம், வாரிசுச் சான்று இவற்றில் சந்தேகம் இருந்தால் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். படிவம் நிரப்பித் தருகிறேன். முப்பது ஆண்டு பழக்கம், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.